ஓம் எண்டுதானே சொன்னனி

"கட்டை வைச்சாச்சோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை" என்றான் கராஜில் என்னோடு வேலை செய்யும் பொடியன். அவ்வளவுதான் கதைத்தோம். அதற்குப் பிறகு நான் ஜாக்கின் கைபிடியை இரண்டு தரம் அமத்தினேன். மூன்றாம் தரம் அமத்தத் தேவை வரவில்லை.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பத்து மாதமாக இந்த இரண்டு வசனங்களும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

வண்டி ஒரு கான்-ஆம் ஸ்பைடர், ஆர்டி வகை. கனடாவில் கோடை காலத்தில் நெடுஞ்சாலையில் போனவர்கள் எப்படியும் பார்த்திருப்பார்கள்: முன்னால் இரண்டு சில்லு, பின்னால் அகலமான ஒன்று. எங்கள் ஊர் ஓட்டோவைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி, கூரையைக் கழற்றி, பெரிய என்ஜினைப் பூட்டியது மாதிரி இருக்கும். கியூபெக்கில், வால்கூர் என்ற சிறு ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் பனிவண்டிக் கம்பனி 2007ல் கொண்டுவந்தது. பனிவண்டியின் இரண்டு முன் சறுக்குகளையும் சில்லாக மாற்றினால் இதுதான் வரும். முழங்கால் தேய்ந்து, இரண்டு சில்லு மோட்டார் சைக்கிளை இனித் தாங்கிப் பிடிக்க ஏலாது என்றானவர்கள் நிறையப் பேர் இதற்கு மாறியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தவரும் அப்படித்தான். கார் திருத்த எங்களிடம் வந்துபோகிறவர், இதையும் கொண்டுவந்துவிட்டார். முன் ரயர் இரண்டும் மாற்ற வேண்டும்.

என்னுடைய சான்றிதழ் 310எஸ், கார் வேலைக்கானது. மோட்டார் சைக்கிளுக்கு 310ஜி என்று வேறு உண்டு. ரயர்தானே என்று நினைத்தேன். இப்போதும் பாதி மனம் ரயர்தானே என்றுதான் சொல்கிறது.

கார்க்காரனின் கண் இந்த வண்டியில் எங்கே ஏமாறும் என்று சொல்ல வேண்டும். காரின் ஒரு மூலையைத் தூக்கினால் மற்ற மூன்று சில்லும் நிலத்தில் நிற்கும். ஸ்பைடரின் முன்பக்கத்தை நடுவில் வைத்துத் தூக்கினால் மிஞ்சுவது பின்னால் ஒரு சில்லு, முன்னால் உள்ளங்கையளவு ஜாக்கின் தலை. இரண்டு புள்ளிகள், நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் 450 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் நிற்கிறது. பின் ரயர் தட்டையாக, அகலமாக இருப்பதால் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அது கொஞ்ச நேரத்துக்கு நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் கீழே முட்டுக் கொடுத்து, ஜாக்கை இறக்கி, பாரத்தை முட்டின் மேல் இருத்திய பிறகே சில்லைத் தொட வேண்டும். இது எனக்குத் தெரியாதது அல்ல.

மற்றத் தொல்லை, வண்டி நிலத்தோடு ஒட்டிக் கிடப்பது. நான்கைந்து அங்குல இடைவெளிதான். அதற்குள் ஜாக் வடிவாகப் போகாது என்று முன்சில்லு இரண்டையும் ஒன்றரை அங்குலப் பலகைகளின் மேல் ஏற்றினோம். ஹான்ட் பிரேக் போட்டோம், பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைத்தோம், சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினோம். சட்டம் கீறுப்படாமல் இருக்க ஜாக்கின் தலையில் ஒரு ஐஸ் ஹொக்கி வில்லை வைத்தேன். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, கட்டியான றப்பர். இந்த நாட்டில் கராஜுக்குக் கராஜ் அப்படி ஒன்று கிடக்கும். இதெல்லாம் பிழையில்லாமல் செய்தோம். இதை நான் விபரமாக எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

பொடியன் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்தான். எங்களிடம் இருந்தவை காருக்கானவை. ஆகக் குறைந்த உயரமே பதினொரு அங்குலம். அதற்குத் தூக்கினால் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். "உது வேண்டாம், மரக்கட்டையைக் கொண்டுவா" என்றேன். நாலுக்கு நாலு என்று விற்கும் கட்டை. அளந்தால் மூன்றரைதான் வரும். கராஜில் இருந்தது நாலே நாலு துண்டு. பக்கத்துக்கு இரண்டு. உண்மையில் அடியில் இரண்டு நேராக, மேலே இரண்டு குறுக்காக அடுக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டை வைத்துக்கொண்டு குறுக்கு ஏது, நேர் ஏது? ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தான். ஏழு அங்குலம் வந்தது. ஸ்பிரிங் முழுதாக விரிந்து சில்லு பலகையை விட்டு எழும்பும் அளவுக்குத் தூக்கியபோது சட்டம் அதற்கும் மேலே போய்விட்டது. இரண்டு விரல் இடைவெளி. இரண்டு கட்டை காணாது, மூன்று வைத்தால் கூடிப்போகும்.

இந்த இடத்தில் அவன் "அண்ணை, இது..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினான் என்று எனக்கு ஞாபகம். ஆனால் இதைத் திரும்பத் திரும்ப நினைத்ததில் நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது தெரியவில்லை. அவனிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

இடது சில்லை நான்தான் கழற்றினேன். அவன் பழைய ரயரைக் கழற்றிப் புதியதைப் போட்டுக் காற்றடித்து உருட்டிக்கொண்டு வந்தான். அதுவரைக்கும் வண்டி ஜாக்கில்தான் நின்றது. புது ரயரில் பூ முழுதாக இருக்கும், பழையதில் தேய்ந்திருக்கும். அந்த வித்தியாசத்துக்கு இன்னும் கொஞ்சம் தூக்கினால்தான் சில்லு லேசாக ஏறும். அதற்காகத்தான் கைபிடியைப் பிடித்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

ஜாக் நேராக மேலே எழும்பும் சாமான் அல்ல. அதன் கை வளைந்து எழும்பும். பின் சில்லில் ஊன்றி நிற்கும் வண்டியின் மூக்கும் ஒரு வளைவில்தான் எழும்பும். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்றால் ஜாக் தன் சின்னச் சில்லுகளில் கொஞ்சம் உருள வேண்டும். அன்று உருளவில்லை. முன்னால் ஒரு நட்டு கிடந்தது. நான் கழற்றிய நட்டு.

முதல் அமத்தலில் ஒரு முனகல் கேட்டது. இரண்டாவதில் வில்லை தெறித்துக்கொண்டு போய்க் கதவடியில் நெடுநேரம் சுழன்றது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து கட்டையில் விழுந்தது. மேல்கட்டை உருண்டு விலக, பிரேக் தட்டு பலகையில் போய்க் குத்தி நின்றது. அந்தப் பலகையை இழுத்து எடுத்துவிடு என்று நான் சொல்லியிருந்தேன். அவன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தட்டு சீமெந்தில் அடித்திருக்கும். இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் சில்லைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவன், சில்லை விட்டுவிட்டுப் பின்னால் இருந்துவிட்டான்.

நான் அவனைப் பார்த்து, "ஓம் எண்டுதானே சொன்னனி!" என்று கத்தினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிக்காரர் கோப்பியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. யாருடைய பிழை என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருக்கும், என் விரல் யாரைக் காட்டியதோ அவனுடையது என்று.

அன்றிரவு எனக்குக் கோபம் போகவில்லை. பத்தொன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஒருநாளும் ஒரு வண்டி கீழே வந்ததில்லை. கட்டை காணாது என்று வாயைத் திறந்து சொல்ல ஒருவனுக்கு என்ன கஷ்டம்? கை கழுவும் இடத்தில் ஒன்ராறியோ அரசாங்கத்தின் சுவரொட்டி தொங்குகிறது. ஆபத்தான வேலையை மறுக்க வேலையாளுக்கு உரிமை உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. வேலைக்கு வந்த முதல் நாளே அவனுக்கு அதைக் காட்டியிருந்தேன்.

அடுத்த நாள்தான், நான் கேட்ட கேள்வியைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கட்டை வைச்சாச்சோ? வைத்திருந்தான். அவன் சொன்ன "ஓம்" முழு உண்மை. பாரம் கட்டையில் இறங்கியாச்சோ என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானேதான், ஏனென்றால் ஜாக்கின் கைபிடி என் கையில் இருந்தது. இறக்கவேண்டியவன் இறக்காமல், வைத்தவனிடம் வைத்தாயா என்று கேட்டிருக்கிறேன். அதற்கு ஓமைத் தவிர வேறு என்ன சொல்வான்?

ஆனாலும் ஒன்று. இடைவெளியை அவன் பார்த்தான். பார்க்காமல் கட்டை வைக்க முடியாது.

ஊரில் ஓட்டோ வேலை பழகிய நாட்களில் நாங்கள் ஜாக் பாவித்ததே குறைவு. இரண்டு பேர் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்க, மூன்றாமவன் கல்லைத் தள்ளுவான். கல்லைத் தள்ளுகிறவன் எப்போதும் ஆகச் சின்னவன். "வைச்சாச்சோ?" என்று மேலேயிருந்து கேட்பார்கள். "ஓம்" என்று கத்துவேன். கல் ஒழுங்காக நிற்கிறதோ இல்லையோ, தூக்கிப் பிடித்திருப்பவர்களின் கை நோகுமே என்று ஓம் சொன்ன நாட்கள் உண்டு. ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் "வாய் கூடிப்போச்சு" என்பார்கள். அதே தொனியில் பத்தொன்பது வருடம் கழித்து இங்கே ஒரு பொடியனைக் கேட்டிருக்கிறேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுக்க உண்மை என்று சொல்ல முடியவில்லை. இவன் இங்கே பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை எதிர்த்துக் கேள்வி கேட்டுப் பழகியவன். தமிழில் கதைக்கும்போது மட்டும் ஏன் ஓம் அண்ணையாகிவிடுகிறான் என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு கட்டை பன்னிரண்டு துண்டு வெட்டி அடுக்கினேன். ஒரு அங்குலத் துண்டுகளும் வெட்டினேன், இடைவெளியை நிரப்ப. நட்டுகளைப் போட ஒரு காந்தத் தட்டு வாங்கினேன். பலகையை ஏன் எடுக்கவில்லை என்று அவனிடம் கேட்டேன். "மறந்திட்டன் அண்ணை" என்றான். சிரிக்கவில்லை. மறந்தானோ என்னவோ. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பதிலாக மத்தியானம் கொத்துரொட்டி எடுத்துக்கொடுத்தேன்.

இப்போது யார் ஓம் என்றாலும் நான் குனிந்து பார்க்கிறேன். இதுவே சரியான முறை, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். சில மாதம் போன பிறகுதான் கவனித்தேன்: நான் குனிவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முன்பு தானாகத் தள்ளிப் பார்ப்பான், அசைத்துப் பார்ப்பான். இப்போது வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான், நான் வந்து பார்க்கட்டும் என்று.

போன கிழமை ஒரு சாதாரணக் கொரொல்லா. நாலு சில்லும் உள்ள, ஸ்டாண்ட் சரியாகப் பொருந்துகிற, கண்ணை மூடிக்கொண்டு தூக்கக்கூடிய கார். மற்ற மூலையில் நான் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் கறுப்பு.

"அண்ணை, ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?"

"உனக்குத் தெரியாதோ?" என்று வாய் வரைக்கும் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். ஸ்டாண்ட் சரியான இடத்தில், பாரம் ஏறி, அசையாமல் நின்றது. "சரி" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டான்.