ஏற்றமும் வற்றமும்: ஃபோர்த் கழிமுகத்தில் கேமராவோடு

ஸ்காட்லாந்துக்குப் படம் எடுக்கக் கிளம்பும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். லென்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடல் ஏற்ற வற்ற அட்டவணையை போனில் இறக்கி வையுங்கள் என்பேன். எடின்பரோவை ஒட்டிய ஃபோர்த் கழிமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 5 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஏறி இறங்கும். சென்னையில் இது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நமக்கெல்லாம் கடலைப் பார்க்கப் போக நேரம் பார்க்கும் பழக்கமே கிடையாது. இங்கே காலையில் படகுகள் மிதந்த துறைமுகம், மதியம் போனால் வெறும் சேறு. படகுகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும். இரண்டுமே நல்ல படம்தான், ஆனால் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

நான் ஜூன் மாதத்தில் போனேன். காலை நாலரைக்குள் சூரியன் வந்துவிடுகிறது, இரவு பத்து மணி வரை போவதில்லை. அந்தி வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் ஆட்களுக்கு இது வரமும் சாபமும். நல்ல வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்கும், ஆனால் தூக்கம் போய்விடும். இது போதாதென்று கிழக்குக் கரைக்கே உரிய கடல்மூடுபனி வேறு. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல் மேல் வரும்போது உருவாகும் அதை இங்கே ‘ஹார்’ என்கிறார்கள். உள்ளே இரண்டு மைல் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; கரையில் கைக்கெட்டும் தூரம் தெரியாது.

முதலில் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் சவுத் குயின்ஸ்ஃபெர்ரி என்ற ஊர். ஃபோர்த் ரயில் பாலத்தைப் பார்க்காமல் இந்தக் கரையைத் தொடங்க முடியாது. 1879 டிசம்பரில், வடக்கே டே ஆற்றுப் பாலம் புயலில் ரயிலோடு சேர்ந்து விழுந்தது. அதைக் கட்டிய தாமஸ் பௌச்தான் ஃபோர்த் பாலத்துக்கும் திட்டம் போட்டிருந்தார். அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் இருவரிடமும் வேலையைக் கொடுத்தார்கள். 1890இல் திறந்தது. 53,000 டன் எஃகு. ‘இது விழாது’ என்று பார்க்கிறவர் கண்ணுக்கே தெரிய வேண்டும் என்ற பிடிவாதம் அதன் ஒவ்வொரு குழாயிலும் இருக்கிறது.

இந்தப் பாலத்தைப் பற்றி எடுத்த மிகச் சிறந்த படத்தில் பாலமே இல்லை என்பது என் கட்சி. 1880களில் பேக்கர் தன் சொற்பொழிவுக்காக எடுக்கச் செய்தது அது. இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை இருபுறமும் நீட்டிக் கம்புகளைப் பிடித்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே தொங்கும் பலகையில் மூன்றாவது ஆள். இரண்டு ஓரங்களிலும் செங்கல் அடுக்கு எடைக்கு எடை. நடுவில் இருப்பவர் கைச்சி வாத்தனாபே, கிளாஸ்கோவில் படித்த ஜப்பானியப் பொறியாளர். பாலம் எப்படி நிற்கிறது என்பதை ஒரே பார்வையில் புரியவைக்கும் அந்தப் படத்துக்கு முன்னால், நாம் எடுக்கும் சூரிய அஸ்தமனப் படமெல்லாம் காலண்டர் படம்தான்.

இருந்தாலும் எடுக்கத்தானே செய்வோம். ஊரின் பக்கம் நின்றால் பாலம் கிழக்கே இருக்கும். காலையில் நிழலுருவம்தான் கிடைக்கும். கோடை மாலையில் வடமேற்கிலிருந்து வரும் வெயில் பாலத்தின் மேல் நேராக விழுந்து, அந்தச் சிவப்புப் பூச்சு பற்றி எரிகிற மாதிரி இருக்கும். வற்றத்தில் பாசி படிந்த பாறைகள் வெளியே வந்து படத்தின் முன்பகுதிக்கு உதவும். ரயிலுக்காகத் தவம் கிடக்க வேண்டாம், சில நிமிடங்களுக்கு ஒன்று போகிறது. உயர் ஏற்றத்து நீர்மட்டத்திலிருந்து 46 மீட்டர் உயரத்தில் போகும் அது, பூச்சி ஊர்வது போலத்தான் படத்தில் தெரியும். அதுதான் வேண்டும். பாலத்தின் அளவை வேறு எதை வைத்தும் காட்ட முடியாது.

கழிமுகத்தின் வடகரை ஃபைஃப். அதன் கிழக்கு மூலையில் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கிரெயில் துறைமுகம்தான் பிஸ்கட் டப்பா முதல் வாழ்த்து அட்டை வரை எல்லாவற்றிலும் வருவது. வெள்ளையும் காவியும் அடித்த சுவர்கள், படிப்படியாக ஏறும் முகட்டுச் சுவர்கள், சிவப்பு ஓடு வேய்ந்த கூரைகள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுக்கிறார்கள். நானும் அதை எடுத்துவிட்டு, கரையில் அடுக்கியிருந்த சிங்கி இறால் கூண்டுகள் பக்கம் போய்விட்டேன். உப்பில் ஊறி வெளுத்த நீலக் கயிறு, உடைந்த நண்டு ஓடு, பச்சை வலை. அட்டைப்படத்தில் வராத கிரெயில் இது. இன்றும் இங்கே நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கூண்டுகளை விட வேறென்ன சாட்சி வேண்டும்?

பிட்டன்வீமில் இன்னும் பெரிய அளவில் தொழில் நடக்கிறது. விடியற்காலையில் போங்கள், வேலை செய்பவர்கள் வழியில் மட்டும் நிற்காதீர்கள். செயின்ட் மோனன்ஸில் வளைந்து வளைந்து போகும் அலைதடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. வற்றத்தில் போனால் அது வெறும் கல் மேடை. ஏற்றத்தில், கொஞ்சம் அலையும் இருந்து, வெளிச்சத்தைக் குறைக்கும் அடர்ந்த ஃபில்டர் போட்டு அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால், கடல் பாலாக மாறிச் சுவர் மட்டும் பாம்பாக நெளிந்து நிற்கும். இதுவும் நூறு பேர் எடுத்த படம்தான். அலுக்கவில்லை, என்ன செய்ய!

அதே வரிசையில் உள்ள ஆன்ஸ்ட்ரதரிலிருந்துதான், கடற்பறவைகள் குடியிருக்கும் மே தீவுக்குப் படகு. அந்தத் துறைமுகம் வற்றத்தில் காய்ந்துவிடுவதால் படகு கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் காலை ஒன்பதரை, இன்னொரு நாள் மதியம். அட்டவணையைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

தீவு இரண்டு கிலோமீட்டர் நீளம்கூட இல்லை. கோட்டை போல நிற்கும் கலங்கரை விளக்கத்தை ராபர்ட் ஸ்டீவன்சன் 1816இல் கட்டினார். பக்கத்திலேயே 1636இல் நிலக்கரி எரித்து வெளிச்சம் காட்டிய கோபுரத்தின் அடிப்பகுதி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் அது. ஆனால் நின்று பார்க்க ஆலா என்னும் கடற்பறவைகள் விட வேண்டுமே! ஆர்க்டிக் ஆலாக்கள் பாதை ஓரத்திலேயே முட்டையிட்டிருக்கும். தலையில் கொத்தும், ரத்தம் வரும். அவை தாக்குவது எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் என்பதால் தொப்பிக்கு மேலே கையையோ குச்சியையோ உயர்த்திப் பிடித்தபடி நடக்கிறார்கள். ஆர்க்டிக்குக்கும் அண்டார்க்டிகாவுக்கும் ஆண்டுதோறும் பறந்து வருகிற பறவைக்கு இந்தக் கோபம்கூட இல்லாவிட்டால் எப்படி?

கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகளான பஃபின்கள் நேர் எதிர். சுமார் 40,000 ஜோடிகள் மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. அதனால்தான் பாதையை விட்டுக் காலெடுத்து வைக்கக் கூடாது, வளை இடிந்துவிடும். உட்கார்ந்திருக்கும் பஃபினைப் படமெடுப்பது மிகச் சுலபம், அலகின் அழகில் எல்லாப் படமும் தேறிவிடும். பறக்கும் பஃபின் வேறு கதை. சின்ன இறக்கையை நிமிடத்துக்கு 400 முறை வரை அடித்துக்கொண்டு மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும். வாய் நிறைய ஒல்லியான வெள்ளி மணல்மீன்கள். 2024 முதல் ஸ்காட்லாந்துக் கடலில் அந்த மீனைப் பிடிக்கத் தடை, பெரிதும் இந்தப் பறவைகளுக்காக.

எனக்குப் பயன்பட்ட ஒரே உத்தி காற்றைப் பார்ப்பது. பறவைகள் எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று நம் முதுகில் படும்படி நின்றால் அவை நம்மை நோக்கியே வரும். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வெயிலைவிட மேகமூட்டம் நல்லது. வெயிலில் அந்தக் கறுப்பும் வெள்ளையும் ஒரே படத்தில் அடங்காது.

தென்கரையில் நார்த் பெரிக். அங்கிருந்து படகில் பாஸ் ராக். நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் பழைய எரிமலைப் பாறை, கோடையில் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும். பாதி பறவை, பாதி எச்சம். வாடை முதலில் வரும், சத்தம் அடுத்து, படம் அதற்கப்புறம்தான். வடக்கு கேனட் பறவைகளின் உலகின் மிகப் பெரிய குடியிருப்பாகப் பேசப்படுவது இது. சிறகு விரித்தால் ஆறடி அகலம். 30 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் தண்ணீரில் குத்தும். வெள்ளை உடம்பு, கறுத்த கடல் என்பதால் கேமரா ஏமாந்து பறவையை வெளுக்க வைத்துவிடும். எக்ஸ்போஷரை முக்கால் பங்கு ஸ்டாப் குறைத்தேன்.

2022இல் பறவைக் காய்ச்சல் இங்கே புகுந்தது. 2014இல் 75,000க்கு மேல் இருந்த கூட்டிடங்கள் 2023 கணக்கில் சுமார் 52,000 ஆகிவிட்டன. டிரோன் எடுத்த படங்களை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிய கணக்கு அது. கேனட்டின் கண் வெளிர்நீலம். காய்ச்சலில் பிழைத்த சிலவற்றுக்குக் கருவிழி வட்டம் கறுத்துப்போயிருக்கிறது. வெறும் கண்ணால் படகிலிருந்து தெரியாது. இரவு அறையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, படகை ஒட்டிப் பறந்த ஒன்றின் கண் அப்படி இருந்தது. இறகு நுனி கொஞ்சம் மங்கிய படம்தான், வேறு சமயமாயிருந்தால் அழித்திருப்பேன்.

இன்னும் வடக்கே போக நேரமிருப்பவர்கள் இன்வர்னஸ் தாண்டிச் சானன்ரி முனைக்குப் போகலாம். வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கும்போது, சால்மன் மீன்களைத் துரத்திக்கொண்டு டால்பின்கள் கரைக்கு மிக அருகே வரும். படகு தேவையில்லை, 300 மி.மீ. லென்ஸ் போதும். வார இறுதியை மட்டும் தவிருங்கள். கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும்.