வேர்ல்ட்கான் மேடைக்கு எழுத்தாளர் செல்லும் வழி

1939இல் நியூயார்க்கில் தொடங்கி, போர்க்கால இடைவெளி நீங்கலாக, ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் உலக அறிவியல் புனைவு மாநாடான வேர்ல்ட்கானை நடத்துபவர்கள் தன்னார்வலர்களே. சிறப்பு விருந்தினர்களை அவர்களது நெடுங்காலப் பங்களிப்பைக் கருதி அமைப்புக் குழுவே அழைக்கிறது. கலந்துரையாடல் அரங்குகளின் நிலை வேறு. ஒரே ஒரு நூலை எழுதியவர்கூட, மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே வெளியாகும் படிவத்தின் வழியாகத் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். அதில் தம் நூலின் சிறப்பை விவரிப்பதைவிட, கடலியல், நெசவு, சட்டம் என்று தாம் ஆழ்ந்து அறிந்த துறை எதுவோ அதைத் தெளிவாக எழுதுவதே பயன்தரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் அரங்குகளைத் தொகுப்பவர்களுக்குத் தேவை, தலைப்பைப் பற்றிப் பொருளோடு பேசக்கூடியவர்கள். உரையாடுபவர்களும் பொதுவாக உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், பயணச் செலவோடு அதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.