கதவருகே நிற்பவரை அனுப்புங்கள்

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் இருக்கும் மாலை நேர மையங்களை வெளிநாட்டில் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் படம் எடுப்பது சுவரைத்தான். பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள், பொறுப்புகளைப் பிரித்து ஒட்டிய அட்டவணை, வண்ண வண்ணக் கூடைகள், மூலையில் மெத்தை போட்ட வாசிப்பிடம். திரும்பி வந்ததும் அந்தப் படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். சில வாரங்களில் நம் மையத்திலும் அதே கூடைகள் வந்துவிடும். அடுத்த பருவம் முடிவதற்குள் அவற்றில் உடைந்த பென்சில்களும் ஒற்றைக் காலுறைகளும் சேர்ந்திருக்கும். போனவர் சரியாகக் கவனிக்கவில்லை என்று இதற்குப் பொருளல்ல. அந்தக் கூடை எதற்காக அங்கே வந்தது என்பதைப் பார்க்க அவருக்கு நேரமே கொடுக்கப்படவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு மையம், பதினொன்றரைக்கு இன்னொன்று என்று பயணத்திட்டம் போட்டிருப்பார்கள். மாலை நேர மையத்தில் காலையில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்? காலியான அறையில் சுவரைத் தவிரப் பார்க்க வேறு என்ன உண்டு?

மாலை நேர மையங்களை ஒருங்கிணைப்பதும் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தருவதும் என் தொழில். இந்த வேலை செய்பவர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்ப் பார்த்துக் கற்கும் பரிமாற்றத் திட்டங்களில் விருந்தாளியாகப் போயிருக்கிறேன். வந்தவர்களை வரவேற்று வைத்துக்கொண்டும் இருக்கிறேன். இந்தத் தொழிலில் கடல் கடந்து போய்க் கற்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால், நிகழ்ச்சிகளை நான் முதலில் சொல்லமாட்டேன். அவற்றை நடத்துகிற பெரியவர்களின் வேலைநாள் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். அது படத்தில் விழாது. அறிக்கைகளிலும் பெரும்பாலும் இடம் பெறாது.

ஸ்வீடனை எடுத்துக்கொள்வோம். பள்ளி தொடங்கும் முன்பும், விட்ட பிறகும், விடுமுறை நாட்களிலும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அங்கே ஃப்ரிட்டீட்ஸ்ஹெம் என்று பெயர். ஆறு வயதில் சேரும் பிள்ளை, 13 வயது நிறையும் ஆண்டின் வசந்தப் பருவம் வரை வரலாம். இதன் வேர் 1887-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆன்னா ஹியர்டா-ரெட்சியஸ் என்ற அம்மையார் ஸ்டாக்ஹோமில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கைத்தொழில் கூடத்தைத் தொடங்கினார். பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் அங்கே வந்து வேலை கற்பார்கள், சாப்பாடும் கிடைக்கும். அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து, 2016-இல் தேசியப் பாடத்திட்டத்தில் இந்த மையங்களுக்கென்று தனிப்பகுதி எழுதப்பட்டது. இதில் ஆசிரியராக வர மூன்றாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறது. 2019 முதல், மையத்தில் கற்பித்தலுக்குப் பொறுப்பேற்பவருக்கு ஆசிரியர் உரிமமும் வேண்டும். இவை எல்லாவற்றையும் நான் புறப்படும் முன்பே படித்திருந்தேன். படிக்கும்போது வேறொரு நாட்டின் சட்டம் என்ற அளவில்தான் மனதில் நின்றது. அந்தச் சட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில் என்ன வேலை செய்கிறது என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

தெற்கு ஸ்வீடனில், பள்ளியோடு இணைந்த ஒரு மையம். பிள்ளைகள் வருவதற்கு முன்பு ஊழியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். பேச்சில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் பெயர்களாகவே இருந்தது. யாருக்கு இன்று என்ன ஆயிற்று, யார் யாரோடு பேசுவதில்லை, புதிதாகச் சேர்ந்த பையன் வெளியே வர ஏன் தயங்குகிறான். அவர்களில் சிலர் காலையில் வகுப்பாசிரியருடன் சேர்ந்து வகுப்பறையிலேயே வேலை செய்கிறவர்கள். ஆகவே பள்ளிக்குள் நடந்தது மையத்துக்கும் வந்துவிடுகிறது. அன்று யார் கதவருகே நிற்பது, யார் வெளியே மைதானத்துக்குப் போவது, யார் பட்டறையில் இருப்பது என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்தார்கள்.

பிள்ளைகள் வந்தார்கள். காலணி கழற்றும் இடத்தில் ஒரு சிறுமி மட்டும் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கதவருகே நின்ற ஊழியர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் கிடந்த கையுறைகளை ஜோடி சேர்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிறுமியும் ஒரு கையுறையை எடுத்து அதன் ஜோடியைத் தேடினாள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். வெறும் பார்வையாளராக வந்திருந்தால், ஒரு பெண் கையுறை அடுக்கினார் என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன்.

மாலையில் அந்த ஊழியரிடம் கேட்டேன். "இடைவேளையில் அவளுக்கும் அவள் தோழிக்கும் சண்டை. வகுப்பில் ஏற்கெனவே இரண்டு பேர் அதைப் பற்றி அவளிடம் விசாரித்துவிட்டார்கள். மூன்றாவதாக நாமும் கேட்க வேண்டாம் என்று மேசையில் பேசி வைத்திருந்தோம். நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்?" என்றார். இருந்தேன். ஸ்வீடிஷ் மொழியில் நடந்த பேச்சை எனக்கு மொழிபெயர்த்தவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டிருந்தார்.

அந்த மேசை நேரம் அவர்களுடைய சம்பள நேரத்துக்குள் வருகிறது. எனக்கு அதுதான் பெரிய செய்தி. பிள்ளைகள் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வேறொரு வேலையிலிருந்து ஓடிவந்து, கடைசிப் பிள்ளை போனதும் ஓடுகிற ஊழியருக்கு எத்தனை பயிற்சி வகுப்பு எடுத்தாலும், 'இன்று அவளிடம் கேட்க வேண்டாம்' என்பதை அவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பல நாடுகளில் மாலை நேர மையங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. பிள்ளைகள் அறையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் கூலி. அதற்கு முன்னும் பின்னும் ஊழியர் செய்வதெல்லாம் அவருடைய நல்ல மனது என்று விட்டுவிடுகிறோம். நல்ல மனது உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் ஓராண்டில் களைத்துப்போய் வேலையை விட்டுப் போவதையும் பார்க்கிறேன்.

எல்லை தாண்டிப் போய்ப் பார்த்துக் கற்பது இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1888-இல் அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் லண்டனின் டாய்ன்பீ ஹாலைப் பார்த்தார். அடுத்த ஆண்டே எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். லண்டனில் அது பல்கலைக்கழக ஆண்கள் ஏழைகளின் பகுதியில் போய்த் தங்கும் இல்லம். சிகாகோவில் அதைப் பெண்கள் நடத்தினார்கள். குடியேறிகளின் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பும் மன்றங்களும் அங்கே நடந்தன. பார்த்ததை அவர் அப்படியே பெயர்த்து வைக்கவில்லை.

எனக்கு இதைவிட நெருக்கமானது எம்ட்ரூப்பின் கதை. டென்மார்க் ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த 1943-இல், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில், ஒரு குடியிருப்பை ஒட்டி விளையாட்டுத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. ஊஞ்சலும் சறுக்கும் வைத்த திடல் அல்ல; பலகை, செங்கல், ஆணி, சுத்தியல், மண். கட்டுமான இடங்களில் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்த நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சி. டி. சோரன்சென் முன்பே எழுதியிருந்த யோசனை அது. போர் முடிந்த கையோடு அங்கே போன பிரிட்டிஷ் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் லேடி ஆலன், குண்டு விழுந்து பாழான லண்டன் மனைகளை இப்படிப் பயன்படுத்தலாமே என்று 1946-இல் பிக்சர் போஸ்ட் இதழில் எழுதினார். பிரிட்டனில் சாகச விளையாட்டுத் திடல்கள் அப்படித்தான் வந்தன. பிறகு ஜப்பானில் ஓமுரா கெனிச்சி, ஷோகோ தம்பதி லேடி ஆலனின் நூலை மொழிபெயர்த்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய்த் திடல்களை நேரிலும் பார்த்தார்கள். டோக்கியோவின் செட்டகாயாவில் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முயன்று பார்த்தார்கள். 1979-இல், சர்வதேச குழந்தைகள் ஆண்டில், ஹானேகி பிளேபார்க் என்ற திடல் அங்கே திறந்தது. அது இன்றும் நடக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலகையையும் ஆணியையும்தான் சொல்வார்கள். நான் ஜான் பெர்டெல்சனைச் சொல்வேன். எம்ட்ரூப்பில் முதல் விளையாட்டுப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். முன்னாள் மாலுமி, மழலையர் ஆசிரியரும்கூட. பிள்ளைகளுக்கு எதையும் கற்றுத்தரும் எண்ணம் தனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் தினமும் அங்கே இருந்தார். கேட்டபோது கருவியை எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அந்த இடம் பலகை கொட்டிக் கிடக்கும் காலி மனைதான். செட்டகாயாவிலும் அப்படியே. குடியிருப்போரும் வட்டார நிர்வாகமும் சேர்ந்து நடத்தும் அந்தத் திடலில் பிள்ளைகளோடு இருப்பதையே வேலையாகச் செய்பவர்களை நிறுத்தினார்கள். பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்த இடங்களில் எதுவும் நிலைக்கவில்லை என்பது நான் பார்த்த மையங்களிலும் உண்மை.

விருந்தளிக்கும் நாடு தன் சிக்கலையும் காட்டினால்தான் அது கல்வி. ஸ்வீடனில் முதல் சில நாட்கள் எல்லாமே அழகாக இருந்தது. பழகிய பிறகுதான் அவர்கள் மனம் திறந்தார்கள். குழுக்கள் பெரியவை, ஒரு குழுவில் நாற்பது பிள்ளைகள் வரை இருப்பது அங்கே அரிதல்ல. உரிய படிப்பு முடித்தவர்கள் போதவில்லை; படிக்காதவர்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இடம் கிடைத்ததால் மதிப்பு உயர்ந்தது. அதே நேரம், மாலை நேரமும் பள்ளியாகவே மாறிவிடுமோ என்ற கவலையும் கூடவே வந்தது என்றார்கள். இதைக் கேட்டபோது அவர்கள் மீதான என் மரியாதை கூடியது. எங்கேயோ ஒரு நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற எண்ணத்தோடு திரும்புகிறவர் தன் ஊழியர்களிடம் குறைதான் காண்பார். அதே பள்ளத்தில் வேறு விதமாக வண்டி ஓட்டுகிறார்கள் என்று அறிந்து திரும்புகிறவர் அவர்களோடு சேர்ந்து யோசிப்பார்.

ஜப்பானிலிருந்து வந்தவர்கள் எங்களிடம் பேசும்போதும் இப்படித்தான். அங்கே பள்ளிக்குப் பிந்தைய பிள்ளைகள் மன்றங்களுக்கு 1997-இல்தான் குழந்தைகள் நலச் சட்டத்தில் இடம் கிடைத்தது. அதற்கு முன்பு பல இடங்களில் வேலைக்குப் போகும் பெற்றோரே கூடி நடத்தி, போராடிப் பெற்ற ஏற்பாடு அது. 2015-இல் ஊழியர்களுக்கென்று தனித் தகுதி வந்தது. ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் என்று அளவு வைத்தார்கள். இருந்தும் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். வீட்டுக்கும் மன்றத்துக்கும் இடையே தினமும் போய்வரும் தொடர்புக் குறிப்பேட்டைக் காட்டினார்கள். அதில் வீட்டுப்பாடம் முடிந்ததா என்ற வரி குறைவு. இன்று என்ன விளையாடினான், எதற்குச் சிரித்தான் என்ற வரிகளே அதிகம். அதை எழுதவும் நேரம் வேண்டுமே என்று எங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். ஆமாம், அதற்குத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பரிமாற்றம் என்று பெயர் வைத்துவிட்டு ஒரு திசையில் மட்டும் ஆட்களை அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த ஜெர்மானிய வழக்கறிஞர் ஹென்றி ஓலண்டார்ஃப், 1956-இல் கிளீவ்லாந்தில் இளையோர் தலைவர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்குமாக ஒரு சர்வதேசத் திட்டத்தைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கினார்கள். நிறுவனங்களில் உண்மையாகவே வேலை செய்தார்கள். அந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, வந்தவரையும் வேலை செய்ய விட்டது. எங்களிடம் வந்த விருந்தினர் ஒருவரையும் அப்படியே விட்டோம். சில நாட்கள் கழித்து அவர் கேட்டார்: "பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் பையை வாங்கி வைக்கிறார்கள், கை கழுவ அழைத்துப் போகிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது?" யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வயது வாரியாகப் பிரிக்க இடமில்லாததால் தானாக வளர்ந்த வழக்கம். இடம் கிடைத்ததும் பிரித்துவிட வேண்டும் என்று நாங்கள் திட்டம் வைத்திருந்தோம். அவர் கேட்ட பிறகு அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தோம். எங்களிடம் இருப்பதன் மதிப்பை வெளியிலிருந்து வந்த ஒரு சக ஊழியர் காட்டிக் கொடுத்தார்.

கால அளவும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில், பள்ளி ஊழியர் ஒருவர் வேறொரு நாட்டில் சக ஊழியரின் உடனிருந்து கற்க 2 நாள் முதல் 60 நாள் வரை போகலாம். இரண்டு நாளில் மரியாதைதான் பரிமாறிக்கொள்ள முடியும். ஒரே மையத்தில் இரண்டு வாரமாவது இருந்தால்தான் மழை நாளும், ஊழியர் வராத நாளும், பெற்றோர் கோபமாக வரும் நாளும் கண்ணில் படும். ஐந்து மையம் பார்க்கக் கிடைக்கும் பணத்தை ஒரே மையத்தில் செலவிடுங்கள் என்று நிதி தருபவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

யாரை அனுப்புவது என்பதில்தான் இன்னும் வாதாடுகிறோம். இயக்குநர்களும் என்னைப் போன்ற ஒருங்கிணைப்பாளர்களும் போகிறோம், ஏனென்றால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் கையுறை அடுக்கிய அந்தக் கையை என்னைவிடத் துல்லியமாகப் படிக்கக்கூடியவர், எங்கள் மையத்தில் அதே இடத்தில் தினமும் நிற்பவர். அடுத்த குழுவில் நேரடி ஊழியர் இருவரைச் சேர்த்திருக்கிறோம். அவர்கள் போகும் நாட்களுக்கு இங்கே மாற்று ஆள் வைப்பதற்கும், திரும்பி வந்தபின் சக ஊழியர்களோடு உட்கார்ந்து பேசும் மணிகளுக்குச் சம்பளம் தருவதற்கும் பயணச் செலவோடு சேர்த்தே பணம் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும் தனி வரியாக எழுதினோம். மற்ற இரண்டுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதை எழுத அந்த இரண்டு ஊழியர்களிடமே கொடுத்திருக்கிறேன்.