பிரிவு கெடுத்த பிள்ளையா?

எங்கள் கடற்கரை ஊர்களில் ஒரு பையன் படகிலிருந்து டீசலைத் திருடிப் பிடிபட்டால், "ஆத்தாளும் அப்பனும் சேந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா?" என்று ஊர் கேட்டுவிடுகிறது. பெற்றோரின் பிரிவுதான் பிள்ளையைக் கெடுத்தது என்னும் இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. சமூகவியலாளர்கள் பால் அமேட்டோவும் புரூஸ் கீத்தும் 1991இல் 92 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, மணமுறிவு கண்ட வீட்டுப் பிள்ளைகள் படிப்பிலும் நடத்தையிலும் சராசரியாகப் பின்தங்குவது தெரியவந்தது; ஆனால் அந்த வேறுபாடு சிறியது என்பதும், பிரியாமல் ஓயாது சண்டையிடும் பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிடவும் மோசமான நிலையில் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் வெளிப்பட்டவை.

எனினும் பதின்வயதில் வரும் பிரிவின் வலி வேறு. 'நான் யார்' என்னும் கேள்வியே அந்த வயதின் மையம் என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் அக்கேள்வி மிகச் சாதாரண இடங்களில் எழுகிறது: குடும்ப அட்டையில் பெயர் அப்பா வீட்டில், சாப்பாடு அம்மாச்சி வீட்டில், பெயருக்கு முன் நிற்கும் இனிஷியலோ வீட்டில் எவரும் உச்சரிக்க விரும்பாத ஒருவருடையது. அப்பாவைப் பற்றிய வசைகளைக் கேட்டே வளரும் பையனிடம், முகமும் நடையும் அப்படியே அப்பன்தான் என்று அதே வாய் சொல்லும்போது, அவன் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொள்வான்? "அவன் புத்திதானே வரும்" என்ற சொல், அவன் எதையும் திருடுவதற்கு முன்பே அவனைத் திருடனாக்கி வைத்துவிடுகிறது.

வழிதவறுவதற்கு நான் காணும் நேரடிக் காரணம், கேட்பாரற்றுப் போவது. தாய் இறால் கம்பெனி வேலைக்குப் போய்விட, தள்ளாத அம்மாச்சியின் பொறுப்பில் இருக்கும் பையன் விசைப்படகில் ஏறிப் பங்குப் பணத்தோடு திரும்பினால், எங்கே போனாய் என்று அவனைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையும் பணமும் நின்றுவிட, கடலில் பழகிய பெரியவர்களின் சகவாசம் மட்டுமே மிஞ்சுகிறது.

இங்கே பல பிரிவுகள் நீதிமன்றம் ஏறுவதில்லை. ஜமாத்திலோ பங்குத்தந்தை முன்னிலையிலோ பேசித் தீர்க்கிறார்கள். நகையும் பாத்திரமும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதப்படும் அந்தத் தாளில், அப்பா எந்தெந்த நாளில் பிள்ளையைப் பார்க்க வருவார், பள்ளிக் கூட்டத்துக்கு யார் போவார், படிப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதையும் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்குமாறு ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.