பாதை வந்தாச்சா?

போன கிழமை அமெரிக்காவிலிருந்து மருமகன் பேசினான். "மாமா, இங்கே ஒரு நீதிபதி நூற்று நாலு வயதுவரை பதவியில் இருந்திருக்கிறார்" என்றான். புளுகுகிறான் என்று நினைத்தேன். உண்மைதான். கன்சாஸ் மாநிலத்து வெஸ்லி பிரவுண். 1962இல் ஜனாதிபதி கென்னடி நியமித்த சமஷ்டி (கூட்டாட்சி) மாவட்ட நீதிபதி. (சமஷ்டி எங்களுக்கு அரசியல் மேடைச் சொல், அங்கே நீதிமன்றத்திலும் புழங்குகிறது!) மூக்கில் ஒட்சிசன் குழாயோடு வழக்குக் கேட்டவர், 2012 ஜனவரியில் கண்ணை மூடும்போதும் நீதிபதிதான்.

அங்கே சமஷ்டி நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே இல்லை, நன்னடத்தை உள்ளவரை பதவி. 65 வயதும் 15 வருடச் சேவையும் ஆனால், மூத்த நீதிபதி என்ற பெயரில் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே இலங்கையில் மேல் நீதிமன்ற நீதிபதிக்கு 61. அதோடு சரி.

வயதைவிட எனக்கு வியப்பு, ஐம்பது வருடமாக மனிதர் ஒரே மாவட்டத்தில் இருந்தது. இங்கே சில வருடத்துக்கொரு இடமாற்றம். திருகோணமலைத் தெருவில் மான் திரிவதை வந்த புதிதில் அதிசயமாகப் பார்ப்பார்கள். அது பழகும் நேரம் கடிதம் வந்துவிடும்.

நான் திருகோணமலையில் நீதிமன்ற முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். எங்கள் நீதிபதி ஐயாவை இரண்டு துண்டாகத்தான் பார்த்தேன்.

முதல் துண்டு தொண்ணூறுகளில். இளம் நீதவான், கொழும்பில் வளர்ந்தவர். காலையில் கிண்ணியா ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டால் ஒருவரும் இல்லை. பிடியாணை என்று சொல்ல வாயெடுத்தார். நான் மெல்லக் குனிந்து, "ஐயா, பாதை இன்னும் வந்திருக்காது" என்றேன்.

"பாதை எப்படி முதலியார் வரும்? பாதையால்தானே ஆள் வர வேணும்?"

ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மிதந்து வருவதற்குத்தான் இங்கே பாதை என்று பெயர் என விளக்கினேன். சிரிக்கவில்லை. கிண்ணியா வழக்குகளைக் கடைசியில் கூப்பிடச் சொன்னார். அன்றிலிருந்து வழக்கேடுகளை இரண்டு அடுக்காக வைப்பது என் வேலை.

அப்புறம் மாற்றலாகிப் போனார். மாவட்ட நீதிபதியாக வேறு ஊர்களில் காணி வழக்கும் பிரிவிடல் வழக்கும் கேட்ட காலம் என் கணக்கில் இல்லை. திரும்பி வந்தது மேல் நீதிமன்ற நீதிபதியாக, தலை முழுக்க வெள்ளையாக. என்னைக் கண்டதும் முதல் கேள்வி: "முதலியார், பாதை வந்தாச்சா?"

"பாலமே வந்தாச்சு ஐயா, 2009இல்."

பொலிஸ்காரர் சிங்களத்தில் சாட்சி சொல்லும்போது ஐயாவுக்கு முழுக்க விளங்கும். ஆனாலும் நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பேனையைத் தொட மாட்டார். நேரம் போகிறதே என்று ஒரு சட்டத்தரணி முணுமுணுத்தார். "எனக்கு விளங்கிவிட்டது. கூண்டில் நிற்கிறவருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

நேற்று அவருக்குத் தொலைபேசி எடுத்து வெஸ்லி பிரவுண் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நூற்று நாலா? அந்த மனுசனுக்கு முதுகு நோவே இல்லையா, முதலியார்?"