பத்து எழுத்துக்கு இடமில்லை

கல்லறைக் கல் எழுதுகிறவனுக்கு வேத வசனம் முதலில் ஓர் எண்ணிக்கை. 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்' என்றால் 44 எழுத்து. கத்தோலிக்க வீட்டார் வந்தால் திருவிவிலியத்தில் உள்ளபடி 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே' என்று தொடங்குவதைக் கேட்பார்கள். அது முழுசாக 40. எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் கூலி. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக எண்ணலாமா கூடாதா என்று துக்க வீட்டார் என் கடை வாசலில் சண்டை பிடித்திருக்கிறார்கள். நான் எண்ணுவேன். புள்ளியில்தான் கஷ்டமே. உளி கொஞ்சம் அழுந்தினால் அந்த இடம் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

பாளையங்கோட்டையில் அப்பா தொடங்கிய தொழில் இது. மூன்றடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலக் கனத்தில் கறுப்பு கிரானைட் என்றால் 75 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேர் பிடித்து மேசையில் படுக்கவைத்து, வெள்ளைப் பூச்சுப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் பென்சிலால் எழுதுவார் அப்பா. கோடு போடமாட்டார், நூல் கட்டிக்கொள்வார். அப்புறம் கார்பைடு முனை வைத்த உளியும் சின்னச் சுத்தியலும். டிக், டிக் என்று சீராக ஒரு சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே அது கேட்கும். சத்தம் நின்றால் ஜீ எழுதுகிறார் என்று அர்த்தம். அந்தச் சுழிக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. வருகிறவர்கள் கொண்டுவரும் துண்டுச்சீட்டை நம்பமாட்டார். வசனத்தை வேதாகமத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொடுவார். "தாள்ல தப்பு வந்தா கிழிச்சிரலாம். கல்லுல வந்தா பேரன் காலம் வரைக்கும் நிக்கும்லே" என்பார். கடையில் இருந்த வேதாகமத்தின் ஓரமெல்லாம் கல்தூள் அப்பிச் சாம்பல் நிறமாகிவிட்டது. சில பக்கங்கள் மட்டும் அதிகம் புரட்டப்பட்டுத் தானாகவே விரியும்.

ஊர் கேட்பது எப்போதும் அதே நாலைந்து வசனம்தான். சங்கீதம் 23. 'நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்.' 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.' பிறகு யோவான் 11, அந்த 'நானே உயிர்த்தெழுதலும்' வசனம். மேலே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று ஒரு வரி. நித்திரை என்ற சொல்லைப் பற்றி, எங்கள் சபை வட்டாரமான சேகரத்தின் குரு ஒருமுறை கடையில் உட்கார்ந்து சொன்னார்: கல்லறைத் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே கிரேக்கத்தில் 'தூங்கும் இடம்' என்பதிலிருந்து வந்ததாம். அவர் போனதும் அப்பா, "அப்போ நாம செய்யுறது தலையணை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நான் பொறுப்பெடுத்த பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டிக்கரில் எழுத்தை வெட்டி, கல்லில் ஒட்டி, கம்ப்ரஸர் வைத்து மணலை அடித்தால் இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிகிறது. உளியில் வராத ரோஜாப்பூவும் புறாவும் கூட வரும். வசனங்களை ஃபைலாகச் சேமித்து வைத்துக்கொண்டேன். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். வேதாகமத்தைத் திறக்க வேண்டிய தேவை போய்விட்டது. 'உயிர்த்தெழுதல்' என்ற சொல்லை வருடத்துக்கு எத்தனை முறை கல்லில் அடித்திருப்பேனோ, ஒருமுறையாவது வாசித்தேனா என்று கேட்டால் இல்லை. அளவு சரியா, இடது ஓரம் நேராக இருக்கிறதா, தங்கப் பெயின்ட் வழிந்திருக்கிறதா, இவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. மிட்டாய்க் கடைக்காரனுக்கு இனிப்புத் திகட்டுவதுபோல என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அவனுக்காவது தான் விற்பது இனிப்பு என்று தெரியும்.

2021 மே மாதம் அப்பா போனார். இரண்டாம் அலை. அடக்கத்துக்கு நாங்கள் நாலு பேர்தான் நின்றோம். ஜெபம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த மாதங்களில் எனக்கு ஓயாத வேலை. ஒரே மாதம், ஒரே வருடம், தேதி மட்டும் 11, 14, 19 என்று மாறும். ஒரே தெருவிலிருந்து மூன்று கல். ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே கல், இரண்டு தேதிக்கும் நடுவே ஆறு நாள். எல்லாவற்றின் அடியிலும் 'மரித்தாலும் பிழைப்பான்'. முகத்தில் மாஸ்க், வெளியே மணல் தூள், உள்ளே ஒரு கோபம். பிழைப்பான், பிழைப்பான் என்று அடித்துக்கொண்டே இருக்கிறேன், ஒருத்தரும் பிழைத்த பாடில்லை. கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது, அப்போது கோவிலே பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகும் போகவில்லை.

அப்பாவுக்குக் கல் வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் வீட்டுக் கல்லறையில் ஒரு மரச்சிலுவையும் பெயின்டில் எழுதின பெயரும். அம்மா கேட்கும்போதெல்லாம் "நல்ல கல் வரட்டும்" என்பேன். நல்ல கல் வந்துகொண்டுதான் இருந்தது.

மறு வருடம் ஒருவர் தன் அக்காவுக்காகத் துண்டுச்சீட்டோடு வந்தார். சீட்டில் 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்றிருந்தது. கீழே 'யோபு 19:24' என்று குறித்திருந்தார். எனக்கு 25 என்றுதான் ஞாபகம். அந்த வசனம் ஃபைலில் இல்லை. வேறு வழியில்லாமல் அப்பாவின் வேதாகமத்தைத் தட்டி எடுத்தேன். வசனம் 25-ல்தான் இருந்தது, சீட்டில் தப்பு. ஆனால் கண் 24-க்குப் போய்விட்டது. தன் வார்த்தைகள் எழுதப்பட்டால், புஸ்தகத்தில் வரையப்பட்டால் நலமாயிருக்கும் என்று 23-ல் தொடங்கும் யோபு, அவைகள் 'என்றென்றைக்கும் நிலைக்க... கருங்கல்லிலே உளிவெட்டாகவும் ஈயஎழுத்தாகவும் பதிந்தால் நலமாயிருக்கும்' என்கிறான்.

உளிவெட்டு. எங்கள் கடைச் சொல். அதை வேதாகமத்தில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. உடம்பெல்லாம் புண், பிள்ளைகள் செத்தாயிற்று, நண்பர்கள் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிலையில் அந்த மனிதன் கேட்பது ஒரு கல்வெட்டுக்காரனை. எந்த ஊர்க்காரனும் வரவில்லை. அடுத்த வரியில்தான், கேட்ட கல் கிடைக்காமலே, 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்றும், அவர் கடைசி நாளில் பூமியின்மேல் நிற்பார் என்றும் நான் அறிந்திருக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறான். எப்போதாவது யாராவது கேட்டு நாங்கள் வெட்டி விற்பதும் இந்த 25-ஐ மட்டும். அதற்கு முன்னால் இருக்கும் புலம்பலையும் ஏக்கத்தையும் விட்டுவிட்டு, ஏதோ சுகமாக உட்கார்ந்துகொண்டு ஒருவன் சொன்ன மாதிரி.

ரொம்ப நாளைக்கு முன்னால் சேகரத்திலிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடிக்குப் போயிருந்தோம், அப்பாவும் நானும். 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம். அடுத்த வருடமே அதைக் கட்டிய, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 36 வயது. மற்றவர்கள் பீடத்தைப் பார்த்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் தொழில்புத்தியில் கல்லைப் பார்த்தோம். 1714-ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அந்த ஊரில்தான் தமிழில் அச்சேறின. கல் அவர் இருந்த இடத்தைக் காட்டுகிறது. தாளில் அடித்தது ஊர் ஊராய்ப் போய், பலர் கையில் திருத்தம் கண்டு, கடைசியில் என் கடை மேசைக்கு வந்து தூள்படிந்து கிடக்கிறது. யோபு கல்லையும் கேட்டான், புஸ்தகத்தையும் கேட்டான். கிடைத்தது புஸ்தகம்தான். கல்லை விற்றுச் சாப்பிடுகிறவன் இதை ஒத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

அந்த யோபு சீட்டுக்குப் பிறகு அப்பாவின் விதி மறுபடி கடைக்கு வந்தது. திறந்து பார்ப்பது. திறந்தால் முன்னால் பத்து வரி, பின்னால் பத்து வரி வாசிப்பது.

அப்படி இருக்கும்போதுதான் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா மகனுக்குக் கல் எழுத வந்தார். மகனுக்கு நாற்பது வயதிருக்கும். படிப்பு, பதவி, அலுவலகம் எல்லாம் எழுதி மருமகள் ஒரு தாள் கொடுத்திருந்தாள். மாதிரி அடித்துக் காட்டினேன், அடியில் அதே யோவான் 11. அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல விரலை வரிவரியாக நகர்த்தினார்.

"வசனத்தைப் பாதியில நிறுத்திட்டீங்களே தம்பி."

"எல்லாருக்கும் இதுவரைக்கும்தாம்மா போடுறது. அடுத்த வசனத்துலதான் முடியும். இடம் பத்தாது."

"கடைசியில ஒரு கேள்வி உண்டே. அது வேணும்."

இதை விசுவாசிக்கிறாயா. எண்ணிப் பார்த்தேன், பத்து எழுத்து. இடம் இல்லை என்றேன்.

அவர் தாளின் மேல்பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனார். "அந்த டிகிரியை எடுத்துருங்க. அங்க போயி யாரு கேக்கப்போறா?"

மருமகளுக்கு முகம் சுருங்கியது. டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. டிகிரியை எடுத்தேன். அப்பா காலத்திலிருந்து இன்றுவரை எங்கள் கடையில் அந்தக் கேள்வி ஏறிய முதல் கல் அது. எனக்குத் தெரிந்து எத்தனையோ கல்லில் பதிலுக்கு இடம் இருந்தது, கேள்விக்கு இல்லை. மனுஷன் சாவு வீட்டில் ஆறுதலைத்தானே கேட்பான், கேள்வியை யார் காசு கொடுத்து வெட்டுவார்கள் என்றும் தோன்றியது. ஆனால் அதைக் கேட்டது மகனைப் பறிகொடுத்தவர்.

அன்றைக்கு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு யோவான் 11-ஐ முதலிலிருந்து வாசித்தேன். அதற்கு முன் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், முழுசாக வாசித்ததில்லை. சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த மார்த்தாளிடம்தான் இயேசுவின் அந்தக் கேள்வி வருகிறது. 27-ல் அவள், 'ஆம் ஆண்டவரே' என்று பதில் சொல்கிறாள். நல்ல, முழுமையான அறிக்கை, ஆலயத்தில் எழுந்து நின்று சொல்வதுபோல. 35-ல் 'இயேசு கண்ணீர் விட்டார்'. எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவரே அழுகிறார். 39-ல் 'கல்லை எடுத்துப்போடுங்கள்' என்கிறார். உடனே அதே மார்த்தாள்: 'ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே.'

இந்த இடத்தில் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஆம் என்ற வாய்தான் நாறுமே என்கிறது. நடுவில் பதினொரு வசனம்தான். அவளை அவர் தள்ளிவிடவில்லை. அவளுடைய விசுவாசத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த பிறகு கல்லை எடுக்கலாம் என்று காத்திருக்கவும் இல்லை. சொன்னதை நினைவுபடுத்துகிறார், கல்லை எடுத்துப்போட்டார்கள், அவ்வளவுதான். நான் ஒரு வருடமாக நாறுமே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாறுமே என்றவனுக்கு ஆம் என்று சொல்ல உரிமை போய்விட்டது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

இன்னொன்றும் தோன்றியது. சுவிசேஷங்களில் கல்லறைக் கல்லுக்கு மரியாதையே இல்லை. லாசருவின் கல்லை எடுத்துப்போடச் சொல்கிறார். மாற்குவில் பெண்கள் விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போகும்போது 'கல்லைப் புரட்டித்தள்ளுவான் யார்' என்று அதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஏறிட்டுப் பார்த்தால் அது ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கிறது. மத்தேயுவில் தூதன் கல்லைப் புரட்டிவிட்டு அதின்மேல் உட்கார்ந்தே விடுகிறான், டீ குடிக்க உட்கார்ந்த கொத்தனார் மாதிரி. எங்கள் தொழிலுக்கு வேதாகமம் எழுதி வைத்திருக்கும் விமரிசனம் இது என்று எடுத்துக்கொண்டேன். மனசு லேசானது.

சரி, அப்பாவின் கல்லுக்கு வருகிறேன். 2023 ஈஸ்டருக்கு முன் செய்தேன். ஸ்டிக்கர் ஒட்டவில்லை, மணல் அடிக்கவில்லை. அவருடைய உளியை எடுத்தேன். வெள்ளைப் பூச்சு, நூல், பென்சில். எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டதால் கை நடுங்கியது, பெயரை எழுதி முடிக்கவே இரண்டு நாள் ஆனது. அம்மா தினமும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கல்லைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புறா, ரோஜா, ஃபோட்டோ எதுவும் வேண்டாம் என்றார். பெயர், இரண்டு தேதி, யோவான் 11-லிருந்து 25-ம் 26-ம் முழுசாக, கேள்வி வரைக்கும். அதற்காகவே எழுத்தைச் சின்னதாக்கினேன். என் தம்பி வந்து பார்த்துவிட்டு, "தூரத்துலயிருந்து படிக்க முடியாதேண்ணே" என்றான். கிட்ட வந்து படிக்கட்டும் என்றேன்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு முன், இருட்டோடு இருட்டாக மெழுகுவர்த்தியுடன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா கல்லில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கடைசி எழுத்தில் விரல் நின்றது. கேள்வியின் கடைசி எழுத்தான அந்த யா-வை வெட்டும்போது உளி வழுக்கி, துணைக்காலின் ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அப்பா இருந்தால் கல்லையே மாற்றியிருப்பார்.

"இங்க சொரசொரன்னு இருக்கே" என்றார் அம்மா.

"ஆமாம்மா, பிசகிட்டு. அப்படியே இருக்கட்டும்."