திங்கட்கிழமையின் முதல் நாற்பது நிமிடம்

வேலைக்குப் போய்க்கொண்டே கதை எழுதுகிறவருக்கு வார நாளில் கிடைப்பது காலை ஐந்து முதல் ஆறரை வரை. பால் வந்துவிட்டால் அதுவும் முடிந்தது. ஐந்து நாளுக்கு ஏழரை மணி நேரம் என்று கணக்குப் போட்டால் கௌரவமாகத்தான் தெரியும். ஆனால் திங்கட்கிழமை முதல் நாற்பது நிமிடம், விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போய்விடும். செவ்வாய்க்கிழமை இருபது, புதன்கிழமை பத்து. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று இரண்டு நாள் விட்டால் மறுபடி நாற்பது.

இடைவெளியில் கதை மறந்துபோவதில்லை, சுருதிதான் விலகுகிறது. பன்னிரண்டாம் பக்கம் வரை ‘அப்பா வந்தார்’ என்று மகன் பார்வையில் ஓடிய கதை, பதின்மூன்றாம் பக்கத்தில் ‘மாணிக்கம் வந்தான்’ என்று ஊர்ப் பார்வைக்கு நழுவும். ‘எழுந்தாள், கதவைத் திறந்தாள்’ என்று போனது ‘பார்க்கிறாள்’ ஆகும். எழுதும்போது கண்ணில் படாது. மூன்று வாரம் கழித்து வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தடுக்கும்.

இதற்காகச் சிலர் தினமும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவார்கள். அது ஆபத்து. படிக்கும் கை சும்மா இருக்காது, திருத்தும். முதல் அத்தியாயம் மெருகேறிக்கொண்டே போக, ஒன்பதாவது அத்தியாயம் செங்கல் தெரிய நிற்கும். கடைசி ஒன்றரைப் பக்கம் படித்தால் போதும். அதைவிட உதவுவது, முந்தைய நாள் மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் எழுதிவைக்கும் மூன்று வரிக் குறிப்பு: யார் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, அடுத்து யார் வாயைத் திறக்கப்போகிறார்கள். கதைச் சுருக்கத்தை அதில் எழுதவேண்டாம். சுருக்கம் மனசில் இருக்கும், கையில் இருந்த சாவிதான் மறந்துபோகும்.

தட்டச்சு தருகிற தொல்லை தனி. தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு ‘இந்த’ மூன்றே தட்டு, புள்ளி தானாக விழும். சிக்கல் பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளில்தான். அவற்றில் ‘ர’வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், தட்டியவர் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டிருப்பார். தாளில் தெரியாத தப்பு யூனிகோடுக்கு மாற்றியதும் பல்லிளிக்கும். ‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வுமாக அடித்திருப்பதும் இந்த ரகம். இன்னும் நுட்பமானது ஒன்று: ‘கோமதி’யில் உள்ள ‘கோ’வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. சில மென்பொருள்களின் தேடலுக்கு உண்டு. பாதி நாவலில் கோமதியின் பெயரை ‘வடிவு’ என்று மாற்ற நினைத்தால் முப்பது இடத்தில் மாறும், ஐந்து இடத்தில் கோமதியாகவே நிற்பாள். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்! பெயர் மாற்றிய பிறகு ‘மதி’ என்று பின்பாதியை மட்டும் தேடிப் பார்ப்பது நல்லது.

வாசிப்பு என்றால் மற்றவர்களின் கதைகளைப் படிப்பது மட்டும் அல்ல. ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கவே சில வாரங்களில் வியாழனும் வெள்ளியும் போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை, காலம் 2016, ஆனி மாதம். ‘வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரைத்து வந்தது’ என்று அழகாக ஒரு வரி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள். ஆக வரி சரி என்றுதான் தோன்றும். ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு வருஷமும் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை, 2020-இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஆனியில் குறுவை நெல் போட்டவர்கள் போர்வெல் தண்ணீரை நம்பிப் போட்டவர்கள். எனவே நுரை போகவேண்டும், மோட்டார் சத்தம் வரவேண்டும். மோட்டார் வந்தால் அது ஓட வேண்டிய மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்ற கேள்வியும் கூடவே வரும். கதையில் வரும் விவசாயி ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வயலுக்குப் போவான், மனைவி விழித்திருப்பாள். அழகான வரி போய் ஒரு காட்சியே கிடைத்துவிடும். இப்படித் தகவலில் தடுக்கி விழுந்த இடத்தில்தான் நல்ல பக்கங்கள் கிடைக்கின்றன என்பது எங்கள் எண்ணம்.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். மடிக்கணினி இரண்டு மணி நேரம் தாங்கும், பிறகு நோட்டுப் புத்தகம். அனுப்பிய கதைகளின் கணக்கைப் பார்க்கவும் அதுதான் நேரம்: எந்தக் கதை, எந்தப் பத்திரிகை, என்ன தேதி. மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். சொல்லாமல் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டிலும் ஒரே மாதம் வந்துவிட்டால் அந்தச் சங்கடம் வருஷக்கணக்கில் நிற்கும்.

ஜனவரி புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வருகிறதென்றால் டிசம்பர் ஞாயிறுகள் மெய்ப்புக்கு, அதாவது அச்சுப்பிழை பார்ப்பதற்கு, போய்விடும். ‘வந்துட்டாக’ என்பதை யாரோ நல்லெண்ணத்தில் ‘வந்துட்டாங்க’ என்று திருத்தியிருப்பார்கள், அதுவும் பாதி இடத்தில் மட்டும். கைப்பிரதியோடு வட்டாரச் சொற்களின் பட்டியல் ஒரு பக்கம் கொடுத்தால் இது பெருமளவு குறையும். புத்தகத்தைப் பாரம் பாரமாக, அதாவது ஒரு பெரிய தாளுக்குப் பதினாறு பக்கமாக, அச்சடிப்பதால் பக்கக் கணக்கும் இடிக்கும். பத்து பாரம் 160 பக்கம், வடிவமைப்பு 163-இல் முடிந்தால் மூன்று பக்கம் குறைக்கச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து போன் வரும். வரி வரியாகச் சுரண்டினால் எல்லாப் பத்தியும் மூச்சுத்திணறும். ஒரு காட்சியை முழுதாக எடுத்துவிடுவது மேல். பெரும்பாலும் அது எழுதியவருக்கு ரொம்பப் பிடித்த காட்சியாக இருக்கும்.

ஞாயிறு ராத்திரி, படுக்கும் முன், மூன்று வரி: மோட்டார் ஷெட் வாசலில் நிற்கிறான். டார்ச் கையில், சாவி வீட்டில். அவள்தான் முதலில் பேசுவாள்.